தூணில் இருந்த ரதி

“சாமி, என் வீட்டுக்காரி இன்னைக்குத் தாய்வீட்டுக்குக் கிளம்புறா. எல்லாம் ரதியால வந்தது.”

சொன்னவர் சிற்பி கங்காதர ஆசாரி. வயது ஐம்பத்தெட்டு. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய குரு, மலையடி மடத்துத் துறவி. சீடரைவிட ஆறு வயது இளையவர்.

“எந்த ரதி?”

“மன்மதன் பெண்டாட்டி. கோயில் மண்டபத் தூணில் செதுக்கியிருக்கேன். அது பூக்காரி அஞ்சுகத்தோட முகமாம்.”

“உண்மையா?”

“சாஸ்திரத்துல உள்ள அளவு சாமி. நெற்றி நாலு விரல், மூக்கு நாலு விரல், மூக்குக்குக் கீழே நாலு விரல். அஞ்சுகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.”

“மத்தவங்க என்ன சொல்றாங்க?”

“மணியக்காரர் தன் மச்சினிங்கிறார். மடைப்பள்ளி ஐயர் ஒண்ணும் சொல்லலை. தினம் நாலு தடவை வந்து பார்த்துட்டுப் போறார்.”

“முகத்தை மாத்திடேன்.”

“ஒற்றைக்கல் தூண். மூக்கை எடுத்தா எடுத்ததுதான். முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ சாமி. அவ போயிட்டா நான் என்ன செய்வேன்?”

குரு எழுந்தார்.

“அழகெல்லாம் மாயை. எனக்கு அது வெறும் கல். நான் வந்து சொன்னால் நம்புவாள்.”

மண்டபத்தில் ஆசாரியின் மனைவி தையல்நாயகி துணிமூட்டையோடு நின்றிருந்தாள்.

“நீங்களே பார்த்து நியாயம் சொல்லுங்க சாமி. இன்னும் கண்ணே திறக்கலை. அதுக்குள்ள சிரிக்கிறா பாருங்க, சிறுக்கி.”

“தேவியை அப்படிப் பேசாதே” என்றார் ஆசாரி.

“பரிஞ்சு வேற பேசுறீங்களா?”

குரு தூணருகே போனார். பார்த்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

ஆசாரி இருமினார். குருவுக்குக் கேட்கவில்லை.

“சாமி?” என்றாள் தையல்நாயகி.

“பூக்காரி இல்லை, அம்மா. சத்தியமாக இல்லை.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கோமளவல்லிக்கு மோவாயில் இதே குழிதான்.”

தையல்நாயகி ஓரடி முன்னால் வந்தாள்.

“கோமளவல்லி யாரு சாமி?”

மடத்தில் பூசைக்கு நேரமாகிவிட்டது என்றார் குரு. காவித் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

தையல்நாயகி சிலையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மூட்டையைக் கீழே வைத்தாள்.

“உளியை எடுங்க. கண்ணைத் திறந்து விடுங்க. பாவம், இன்னும் எத்தனை ஆம்பளைங்களைப் பார்க்கணுமோ அவ.”