கம்மி விலையில மூணு சக்கரம்

லைசென்ஸ் வேணும்னா எட்டுப் போடணும். தரையில எட்டு மாதிரி கோடு கிழிச்சிருப்பாக, அதுமேல கால் ஊணாம வண்டியை ஓட்டிக் காட்டணும். அன்னைக்கு ஆர்.டி.ஓ. மைதானத்துல எனக்கு முன்னால நின்னது கருவாட்டு வியாபாரி அழகுமலையும் அவர் சம்சாரம் முத்துராக்கும். அவருக்கு இது நாலாவது தடவை, அந்தம்மாவுக்கு முதல் தடவை. வீட்டுல இருக்கிறது ஒரே ஸ்கூட்டர். யாரு எட்டுப் போடுறாகளோ அவுகதான் சந்தைக்கு ஓட்டணும், மத்தவுக கூடையோட பின்னால உக்காரணும்னு ரெண்டு பேருக்கும் பேச்சு. அழகுமலை அவசரப்பட்டு, ‘நாளையில இருந்து நாந்தான் ஓட்டிட்டு வருவேன்’னு சந்தை முழுக்கச் சொல்லி வச்சிருந்தாரு.

“ஸ்கூட்டரெல்லாம் நமக்குச் சின்ன வண்டி தம்பி,” என்றார் என்னிடம். “நான் மூணு சக்கர மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கே யோசனை சொன்னவன். இதுல ஒரு நெத்திலி அளவு பொய் இருந்தாலும் என் தராசு ஒடிஞ்சு போகட்டும்.”

“அது போன மாசமே ஒடிஞ்சிருச்சு,” என்றார் முத்துராக்கு.

“ஆட்டோ கம்பெனியாண்ணே?” என்று கேட்டேன்.

“ஆட்டோ இல்லய்யா. மோட்டார் சைக்கிள்தான், ஆனா முன்னால ரெண்டு சக்கரம், பின்னால ஒண்ணு. அந்த வெலைக்கு மாடியோட வீடு கட்டிரலாம். அதனால அந்த முதலாளி என்னைத் தேடிச் சந்தைக்கே வந்துட்டாரு. ‘அழகுமலை, கம்மி விலையில ஒரு மாடல் விடலாமா வேணாமான்னு எங்க ஆளுக மூணு வருசமா அடிச்சுக்கிறாக. விட்டா மரியாதை போயிரும்ங்கிறான் ஒருத்தன். விடலேன்னா கம்பெனியே போயிரும்ங்கிறான் இன்னொருத்தன். நீதான் தீர்ப்புச் சொல்லணும்’னாரு. ‘ஷாம்பூவையே ஒரு ரூவா பாக்கெட்டுல விக்கிறான், நீ வண்டியை விக்க மாட்டியா’ன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு.”

“வெங்காயக் கடைப் பக்கம் நின்னிருப்பாரு,” என்றார் முத்துராக்கு. அதுக்குள்ள அந்தம்மா பேரைக் கூப்பிட்டாக. முந்தானையைச் செருகிக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போனாரு. அழகுமலை அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

“வெலையைக் குறைக்கணும்ல? மொதல்ல கண்ணாடியைக் கழட்டச் சொன்னேன். பின்னால வர்றவன் நம்மளப் பாத்துக்கிருவான். அடுத்து ஹாரன். அதுக்குப் பதிலா வண்டி வாங்குறவனுக்கு எல்லாம் ‘கருவாடேய்’னு கத்தப் பழக்கிவிட்டேன். ஒருத்தன் கத்துன கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னால போன லாரி ஒதுங்கி வழி விட்டுச்சு.”

“பிரேக்காவது விட்டு வச்சீகளா?”

“அது எதுக்கு? வீட்டுக்காரி நெனப்பு வந்தா எவனும் நின்னுருவான். அப்புறம் இஞ்சினு. அதுதான் இருக்கிறதுலயே செலவு. முன்னால ஒரு கம்புல சுறாக் கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நாப்பது பூனையைப் பூட்டிவிட்டோம். கருவாடு முன்னால போகும், பூனை பின்னால ஓடும், வண்டி அதுக்குப் பின்னால போகும். ஒரு கருவாட்டுக்கு முந்நூறு கிலோமீட்டர்.”

“மேடு வந்தா?”

“மேட்டுக்குத்தான் தனி கியர் இருக்கே. பின்னால ஒரு நாயை அவுத்து விடணும்.”

எனக்குப் பின்னால நின்னவுக எல்லாம் வரிசையை விட்டுட்டுச் சுத்தி வந்துட்டாக. அழகுமலைக்குக் குரல் ஏறிருச்சு.

“விலை குறைஞ்சு குறைஞ்சு பூஜ்யத்துக்கும் கீழ போயிருச்சு. வண்டி வாங்குறவனுக்குக் கம்பெனி முந்நூறு ரூவா குடுத்து அனுப்புச்சு. வாங்க வந்த கூட்டம் தனுஷ்கோடி வரைக்கும் நின்னுச்சு. அதுக்கு மேல கடலு, அதனால வரிசையை மடிச்சு நிக்க வச்சோம். கடைசியில முதலாளி ஓடியாந்து, ‘அழகுமலை, இனிமே கழட்ட மூணு சக்கரம்தான்யா மிச்சம்’னாரு. நான் அசரல. ‘ரெண்டை வச்சுக்க, மூணாவதைக் கழட்டு’ன்னேன்.”

“மூணாவது சக்கரம் இல்லேன்னா அது எப்படிண்ணே மூணு சக்கர வண்டி?”

பதில் சொல்றதுக்குள்ள அவர் பேரைக் கூப்பிட்டுட்டாக. முத்துராக்கு கால் ஊணாம எட்டை முடிச்சுட்டு வந்து, சாவியை நீட்டுனாரு. அதைப் பாத்ததும் அழகுமலை முகம் சுருங்கிப் போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு எனக்கு.

வண்டியைக் கிளப்புனாரு. முதல் வளைவு நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வளைவுல வண்டி சாய, இடது கால் தரையில ஊணிருச்சு.

“கால் ஊணிட்டீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார், அது கால் இல்ல. கம்பெனியில குடுத்த மூணாவது சக்கரம். கம்மி விலை மாடல்ல இப்படித்தான் வரும்.”

இன்ஸ்பெக்டர் காகிதத்துல இருந்து தலையைத் தூக்கல. “அப்ப மூணு சக்கர வண்டிக்குத் தனியா விண்ணப்பம் போட்டுட்டு வாங்க. அடுத்த ஆள்.”

அழகுமலை வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தாரு. முத்துராக்கு வாங்கிக்கிட்டு, கூடையை அவர் கையில குடுத்தாரு.

“சந்தையில கேப்பாகளே புள்ள,” என்றார் அவர், மெதுவா.

“உங்களுக்கு முதுகுவலின்னு சொல்லிக்கிறேன். ஏறுங்க.”

அவர் கூடையை மடியில வச்சுப் பின்னால உக்காந்தாரு. வண்டி கிளம்புச்சு. கேட்டைத் தாண்டுறப்ப அவர் குரல் கேட்டுச்சு:

“சும்மா முதுகுவலின்னு சொல்லிறாத. இந்த வலி இந்தியாவுலயே மூணு பேருக்குத்தான் இருக்காம், மத்த ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாகன்னு சொல்லு.”