சக்கரத்தடியில் மூன்று எலுமிச்சம்பழங்கள்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்கு, சம்பந்தி பெரிய கார் வாங்கிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு பழைய பஸ் விலைக்குள் குட்டி விமானம் வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

பாழடைந்த ஓடுதளம் ஒன்றில் புரோக்கர் தனபால் மூன்று விமானங்களைக் காட்டினான். "மூணும் தங்கமுங்க. எல்லாம் நானே ஓட்டுனது."

நாச்சிமுத்து தன் கார் டிரைவர் காளியண்ணனைக் கூப்பிட்டார். "நல்லதா ஒண்ணப் பொறுக்குடா. நாளைக்கு அதுல மொதல்ல ஏறப்போறதே நீதான்!"

காரையும் லாரியையும் தவிர காளியண்ணன் எதைக் கண்டான்? காரிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து, விமானத்துக்கு ஒன்றாகச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, தனபாலிடம் சொன்னான்:

"எங்கூர்ல வண்டிய வித்தவருதானுங்க மொதல்ல பழத்து மேல ஏத்தி ஓட்டோணும். நீங்க எதுல பறந்து ஊருக்குப் போறீங்களோ, அதையே மொதலாளி வாங்கிக்குவாருங்க."

தனபால் முதல் விமானத்தைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். மூன்றாவதின் பக்கம் திரும்பவேயில்லை. "இன்னைக்கு அஷ்டமிங்களே!" என்றவன், ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.



காளியண்ணன் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னான்: "பொறுக்கியாச்சுங்க மொதலாளி. அவரு உசுர நம்பி ஏறுனது அந்த பஸ்ஸுலதானுங்க. உங்க காசுக்கும் கட்டுபடியாகும். வெல பேசிரட்டுங்களா?"