மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

மில்கா ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை. தலையில் முக்காடு இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"போதகரே! நாம் எல்லோரும் தப்பான பக்கம் பார்த்து நிற்கிறோம்!"

போதகர் எலியாகிம் செபக்கூடத்தின் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்கப் பாபிலோனியரின் கால்வாயில் சேறு வாருகிறவர். ஆலயக் குருவின் மகன்தான். ஆனால் எருசலேம் ஆலயம் எரிந்து வெகுகாலம் கழித்து, இந்தச் சிறையிருப்பில் பிறந்தவர். மில்காவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அதனாலேயே ஊர்ப் பெரியவர்களுக்கு அவரிடம் கொஞ்சம் இளக்காரம். மில்காவுக்கு அது கிடையாது. அவரிடம் பாடம் கேட்பவர்களில் அவள் ஒருத்திதான் பெண். கேள்வி கேட்பவளும் அவள் ஒருத்திதான்.

"முதலில் மூச்சு விடு," என்றார் போதகர்.

"மூச்சு விட நேரமில்லை. சந்தைக்குப் போனேன். ஆசேலுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. மருந்துக்கு ஏதாவது பிசின் கிடைக்குமா என்று பார்த்தேன். அங்கே ஒட்டகக்காரி ஒருத்தி, பாலைவனத்துக்காரி. எருசலேம் பக்கமெல்லாம் போயிருக்கிறாயா அம்மா என்று கேட்டேன். ஓ, போயிருக்கிறேனே என்கிறாள். உடனே கையை நீட்டிக் காட்டினாள். எங்கே காட்டினாள் தெரியுமா? சூரியன் விழுகிற பக்கம்! மேற்கே!"

"சரி."

"சரியா? நம் ஜன்னல் வடக்கே அல்லவா இருக்கிறது!"

அந்த ஜன்னலுக்கு ஒரு கதை உண்டு. அரசர் சாலமோன் ஆலயத்தைக் கட்டி முடித்த நாளில், என் மக்கள் தூர தேசத்தில் சிறைப்பட்டுக் கிடந்தாலும் இந்த இடத்தை நோக்கிக் கை விரித்தால் நீர் கேட்டருளும் என்று மன்றாடினாராம். பிறகு பாபிலோனியர் வந்து ஆலயத்தை எரித்தார்கள். மக்கள் சிறைப்பட்டார்கள். கெபார் கால்வாயின் கரையில் குடியமர்த்தப்பட்டவர்கள் முதல் வேலையாகச் சுடாத செங்கல்லில் ஒரு செபக்கூடம் கட்டி, எருசலேமைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல் வைத்தார்கள். எந்தப் பக்கம் எருசலேம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வடக்கேயிருந்துதானே நடத்திக் கூட்டி வந்தார்கள்? ஆகவே வடக்கு.

"நடுவில் பாலைவனமாம்," என்றாள் மில்கா. "குறுக்கே வந்தால் தண்ணீர் கிடையாதாம், ஒட்டகமே சுருண்டுவிடுமாம். அதனால் வடக்கே ஏறி, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வருவார்களாம். நம்மையும் அப்படித்தான் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த வழி வடக்கு. ஊர் மேற்கு!"

"தெரியும்," என்றார் போதகர்.

மில்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தெரியுமா? எப்போதிலிருந்து?"

"சிறுவனாக இருந்தபோதே. கால்வாய் வெட்டுகிறவனுக்குத் திசை தெரியாமல் இருக்குமா?"

"பிறகு ஏன் வடக்கே பார்த்து நிற்கிறீர்கள்?"

"ஜன்னல் அங்கேதானே இருக்கிறது."

வேறொரு நாளாக இருந்தால் மில்கா சிரித்திருப்பாள். இன்று குழந்தையை இடுப்பிலிருந்து தூக்கி அவர் முன்னால் நீட்டினாள். ஆசேலின் தலை துவண்டு அவள் மணிக்கட்டில் சாய்ந்தது.

"இவனைப் பாருங்கள். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. பச்சைப் பிள்ளை அழாமல் கிடந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? இவன் அப்பா ராஜாவின் செங்கல் சூளையில் வேலையாகக் கிடக்கிறார், சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. நான் இந்த ஜன்னலில் நின்று நின்று கை வலிக்கக் கேட்டேன். ஒரு பதிலும் இல்லை. இப்போதுதான் புரிகிறது. அத்தனையும் வேறெங்கோ போயிருக்கிறது! இங்கே மேற்கே ஒரு ஜன்னல் வேண்டும். இன்றைக்கே வேண்டும். இப்போதே வேண்டும்!"

போதகர் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்தார். உள்ளே போய், மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார்.

"எந்த இடத்தில்?" என்று கேட்டார்.

அன்று ஆலயம் எரிந்ததன் நினைவு நாள். ஊர் முழுக்க நோன்பு. வெயில் சாயத் தொடங்கும் வேளையில் எல்லோரும் கூடத்துக்கு வந்து சாம்பலில் உட்கார்ந்து, எருசலேமைச் சீயோன் மகளே என்று கூப்பிட்டுப் புலம்புவது வழக்கம். முதலில் வந்தவர் பெரியவர் சல்லூம். வாசலில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரே புழுதி. மேற்குச் சுவரில் போதகர் ஓங்கி ஓங்கி இடித்துக்கொண்டிருந்தார். மில்கா குழந்தையைத் தோளில் போட்டபடி, "இன்னும் கொஞ்சம் மேலே! அங்கேதான், அங்கேதான்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி," என்றார் சல்லூம். போதகரை அவர் ஒருவர்தான் தம்பி என்று கூப்பிடுவார். "பாபிலோன்காரன் அங்கே இடித்தது போதாதென்று நீ இங்கே இடிக்கிறாயா?"

"ஜன்னல், ஐயா."

"ஜன்னல்தான் இருக்கிறதே!"

"அது வடக்கே இருக்கிறது, பெரியவரே," என்றாள் மில்கா. "எருசலேம் மேற்கே இருக்கிறது. ஒட்டகக்காரி சொன்னாள்."

"ஒட்டகக்காரி சொன்னாளா! நான் நடந்து வந்தவன் சொல்கிறேன். வடக்கேயிருந்துதான் வந்தோம். என் காலுக்குத் தெரியாதா?"

"காலுக்குப் பாதைதான் தெரியும். ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது."

"வாயைப் பார்! தம்பி, இந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாயே, இப்போது அனுபவி. ஆமாம், இன்றைக்கு மறையுரை உண்டா, இல்லை கொத்தனார் வேலை மட்டும்தானா?"

"இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கிறது, ஐயா," என்று சொல்லிவிட்டுப் போதகர் இன்னொரு இடி இடித்தார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. புலம்ப வந்தவர்கள் புலம்பலை மறந்துவிட்டார்கள். கூரை விழுந்துவிடும் என்றான் ஒருவன். விழாது, உத்தரம் அந்தப் பக்கம் இல்லை என்றான் இன்னொருவன். மேற்குதான் சரி, நானும் அப்போதே நினைத்தேன் என்று ஒருத்தி சொல்ல, நீ எப்போது நினைத்தாய், நேற்று வடக்கே பார்த்து நின்று தூங்கினவள்தானே என்று அவள் அண்ணி கேட்டாள். நோன்பு நாள் என்பதே யாருக்கும் நினைவில்லை. இரண்டு இளைஞர்கள் ஓடிப்போய் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். செங்கல் ஒவ்வொன்றாகக் கழன்றது. மில்கா எண்ணிக்கொண்டே நின்றாள். இன்னும் ஒரு கல். இன்னும் ஒரே ஒரு கல். அந்தப் பக்கம் வானம் தெரியும். அந்த வானத்தின் அடியில் சீயோன் மலை. அங்கே போய்ச் சேரும், என் பிள்ளையின் பெயர் நேராக அங்கே போய்ச் சேரும்.

கடைசிக் கல் வெளிப்பக்கமாக விழுந்தது. வெயில் ஈட்டிபோல் உள்ளே பாய்ந்தது.

வெயிலோடு ஒரு ஆட்டின் தலையும் வந்தது.

பக்கத்து வீட்டுப் பாபிலோன்காரரின் ஆட்டுப்பட்டி சுவரை ஒட்டித்தான் இருந்தது. கிடாய் ஒன்று முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, ஓட்டை வழியாக எல்லோரையும் நிதானமாகப் பார்த்தது. மென்றுகொண்டே பார்த்தது.

"ஐயோ," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "சீயோன் மகளுக்குத் தாடி முளைத்துவிட்டதே!"

கூடம் அதிர்ந்தது. சல்லூம்கூடச் சிரித்துவிட்டு, நோன்பு நினைவுக்கு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "பார்த்துக்கொள், அம்மா. இதோ உன் எருசலேம்."

மில்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆட்டின் கொம்பைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினாள். ஓட்டைக்கு முன்னால் நின்றாள். கை விரிக்க வேண்டும். இரண்டு கையும், உள்ளங்கை திறந்து, அந்த இடத்தை நோக்கி. அதுதான் முறை. தோளில் குழந்தை இருக்கும்போது எப்படி விரிப்பது? முக்காட்டுத் துணிகூட இல்லை, மடித்துப் போட. பின்னால் சுவரோரம் கிடந்த பாயில் ஆசேலைக் கிடத்தினாள். அவன் முனகக்கூட இல்லை. அந்த மௌனம் அவளை முதுகில் பிடித்துத் தள்ளியது. ஓட்டைக்கு ஓடினாள். கைகளை விரித்தாள்.

கூடம் தானாக அடங்கியது.

"ஆண்டவரே," என்றாள் மில்கா. "இப்போது சரியாக நிற்கிறேன். இதுவரை தப்பாக நின்றதை மன்னித்துவிடும். என் பிள்ளை ஆசேல்..."

பின்னால் ஆசேல் அழுதான்.

புழுதி மூக்கில் ஏறியதோ, வெயில் முகத்தில் பட்டதோ, அடிவயிற்றிலிருந்து வீறிட்டான். கோபமான அழுகை. உயிருள்ள அழுகை.

மில்கா திரும்பினாள்.

"திரும்பாதே!" என்று அலறினார் சல்லூம். "செபத்தின் நடுவே பரிசுத்த இடத்துக்கு முதுகு காட்டாதே! நம் பிதாக்கள் செய்த பாவம் அதுதான், அம்மா!"

அதற்குள் அவள் ஓடி, குவிந்து கிடந்த செங்கல்லைத் தாண்டி, குந்தியிருந்த ஒருவனின் தோளில் கை ஊன்றி, குழந்தையை வாரி எடுத்துவிட்டிருந்தாள். ஆசேல் அவள் மார்பில் முகத்தைப் புதைத்துத் தேடினான். மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்தாள். முதலில் விட்டுவிட்டான். பிறகு பிடித்துக்கொண்டான். குடித்தான். இழுத்து இழுத்துக் குடித்தான்.

"குடிக்கிறான்!" என்று கத்தினாள் மில்கா. "போதகரே, குடிக்கிறான்!"

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குடிக்கிறானே, குடிக்கட்டும் என்றாள். இன்னொருத்தி முந்தானையால் விசிறினாள். பழைய ஜன்னலுக்கும் புதிய ஓட்டைக்கும் நடுவே காற்று ஓட ஆரம்பித்திருந்தது.

சல்லூம் மட்டும் நகரவில்லை. புதிய ஓட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அங்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு வடக்குச் சுவரைப் பார்த்தார். அவருடைய குரல் மாறிப்போயிருந்தது.

"தம்பி, உண்மையைச் சொல். மேற்குதானா?"

"மேற்குதான், ஐயா."

"அந்த வடக்கு ஜன்னலை வைத்தது என் அப்பா. அதில் நின்றது என் அம்மா. வரும் வழியில் என் அக்கா கூட்டத்தில் பிரிந்து போய்விட்டாள். கடைசிவரை அம்மா அங்கேதான் நின்றாள். நிற்க முடியாமல் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பான பக்கம் பார்த்தா நின்றாள்?"

சல்லூம் வடக்கே கையை நீட்டினார்.

"வடக்கே என்ன இருக்கிறது, தம்பி? சதுப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் எவனுடைய ஊரோ இருக்கிறது. என் அம்மா கேட்டதெல்லாம் எங்கே போச்சு?"

கிடாய் மறுபடியும் தலையை நீட்டியது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

மில்காவும் அதைக் கேட்டாள். அவளுக்கும் சுருக்கென்றது. இந்தச் சுவரை இடிக்கச் சொன்னவள் அவள்தான். அதோடு, பாதிச் செபத்தில் முதுகைக் காட்டியவளும் அவள்தான்.

"போதகரே," என்றாள் மெல்ல, "நான் தொடங்கியதை முடிக்கவில்லை. பாதியில் திரும்பிவிட்டேன். அது சேருமா?"

எலியாகிம் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சல்லூமின் பக்கத்தில் வந்து நின்றார். ஆனால் பேசியது மில்காவிடம்.

"உன் மகன் எந்தத் திசையைப் பார்த்து அழுதான்?"

"என்ன?"

"பாயில் கிடந்தானே. உன்னைப் பார்த்தபடியா அழுதான்? சுவரைப் பார்த்தபடியா?"

மில்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பாய் நினைவுக்கு வந்தது. புழுதி நினைவுக்கு வந்தது. குழந்தையின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் வரவில்லை.

"தெரியவில்லை, போதகரே."

"பார்க்கவில்லையா?"

"யார் பார்த்தார்கள்? அழுதான், ஓடினேன்."

போதகர் பெரியவரின் தோளில் கை வைத்தார்.

"கேட்டீர்களா, ஐயா?"