தட்டிக்குப் பின்னால்

பற்றை விடவேண்டும் என்று ஆசிரமத்துக்கு வந்த வைரக்கண்ணு, வரும்போதே கையில் ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குரு தில்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வைரக்கண்ணுவைவிட இருபது வயது இளையவர் அந்த அம்மா. "பால் குடிக்குமா, மோர்ச்சோறா?" என்று மட்டும் கேட்டார்.

அது வைரக்கண்ணுவின் மனைவி மரகதம் வளர்த்த கடுவன் பூனை. மரகதம் போய்ச் சேர்ந்ததும் ஆரணி வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்தவருக்கு மிச்சம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆசிரமத்துப் பூனைக்கு ஆசிரமத்துப் பெயர் வேண்டாமா? ஆனந்தன் என்று வைத்தார். "ஆனந்தா, ஆனந்தா" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் அந்த மகராசன் காதைக்கூட அசைக்க மாட்டான். பின்முற்றத்துச் சுவரில் ஏறி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் அம்மாவிடம் போய் நின்றார்.

"பின்முற்றத்தைக் கம்பிவலை போட்டு அடைச்சிடலாமாம்மா? இந்தப் பூனை ஆரணி வீட்டைத் தேடிப் போயிடும் போல இருக்கு. வழியெல்லாம் லாரி."

"நீங்க?"

"நான் எங்கம்மா போறேன்? இங்கதானே இருக்கேன்."

"சரி. கட்டுங்க" என்றார் அம்மா.

சவுக்குக் கம்பு நட்டார். சுற்றிலும் வலையை இழுத்துக் கட்டினார். மேலேயும் மூடினார். கதவுக்குத் தென்னங்கீற்றில் தட்டி பின்னினார். அம்மாவும் கூட உட்கார்ந்து கீற்று எடுத்துக் கொடுத்தார். வேலை முடிய, கதவை மாட்டித் தாழ்ப்பாள் வைப்பதுதான் பாக்கி.

தாழ்ப்பாளை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் கதவில்லாத வாசல் வழியாகப் பூனை நழுவிவிட்டது. பழையபடி சுவர்மேல். இந்த முறை முகம் மட்டுமில்லை, முன்னங்கால் இரண்டும் ரோட்டுப் பக்கம் இறங்கியிருந்தன.

"ஐயோ, போறானே! ஆனந்தா! டேய் ஆனந்தா!"

பூனை திரும்பவே இல்லை. கிட்டே போனால் குதித்துவிடும்.

"ஆரணியில என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார் அம்மா.

"நான் கூப்பிட்டதே இல்லம்மா. அவதான் கூப்பிடுவா."

"என்னன்னு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க எப்படிம்மா அதைச் சொல்றது? சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சா என்ன? சொல்லுங்க."

"எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. பொண்ணு இருந்திருந்தா மாப்பிள்ளை வந்திருப்பாரேன்னு அவளுக்கு ஒரு ஆசை. இதை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவா. அதுலயும் மாமியார் எதிர்ல வரக்கூடாதாம். அடுப்படிக் கதவுக்குப் பின்னால, முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு நின்னு குரல் கொடுப்பா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த வீடே அப்படித்தாம்மா, எப்பவும் சிரிப்பாவே இருக்கும்."

அந்த அடுப்படியும் அந்தக் கதவும் அப்படியே கண்ணில் வந்து நின்றன.

அம்மா, மாட்டாமல் கிடந்த தட்டியைத் தூக்கி வைரக்கண்ணுவுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

தட்டிக்குப் பின்னால் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, மரகதம் இழுக்கிற அதே இழுப்பில், கரகரத்த ஓர் ஆண்குரல்:

"மாப்ளே... சாப்பிட வாங்க மாப்ளே. சோறு ஆறுதுங்க..."

பூனையின் காது திரும்பியது. அப்புறம் தலை. பொத்தென்று உள்பக்கம் குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து தட்டிக்குப் பின்னால் போனது. அவர் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது.

வைரக்கண்ணு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மரகதம் போனபோது நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அடக்கிக்கொண்ட அழுகை அவ்வளவும் இப்போது வந்தது. அம்மா தட்டியை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தது. வைரக்கண்ணு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். பூனை அவர் தோளில் இருந்தது. மடியில் செருகியிருந்த தாழ்ப்பாள் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா, கதவை மாட்டி இதையும் வச்சிடட்டுமா?"

அம்மா தட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எந்த ஊர் மாமியார்ங்க ஐயா, மாப்பிள்ளைய உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டா? சாப்பாட்டு வேளைக்குக் குரல் கொடுங்க."