மேல் பெர்த்தில் ஒரு காசி யாத்திரை

தென்மங்கலத்துச் சகோதரர்கள் மூன்று பேரிடமும், சொன்னதைச் செய்யாமல் விடும் கெட்ட பழக்கம் கிடையாது. ஒருமுறை மீட்டர் பார்க்க வந்தவர், "நான் திரும்பி வர வரைக்கும் இந்தப் பெட்டியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டுக்கு மூன்று தடவை வெள்ளையடித்தாயிற்று. பெட்டியைச் சுற்றி ஒரு சாண் பழைய சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா அம்மா இல்லாத பிருந்தாவை வளர்த்து ஆளாக்கியது இந்த மூன்று மாமாக்கள்தான். மூத்தவர் சாம்பு, அடுத்தவர் பஞ்சு, இளையவர் கிட்டா. அவள் என்றால் அவர்களுக்கு உயிர். அவளுக்கும் அவர்கள் என்றால் உயிர்தான், கூடவே கொஞ்சம் பயமும் உண்டு.

சென்னையில் கூட வேலை பார்த்த மௌலியைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் நாலு வருடம் காத்திருந்தாள். மௌலியின் அம்மா ஒரு வழியாகச் சம்மதித்தபோது ஜோசியர் குறுக்கே வந்தார். இந்தத் தை முகூர்த்தத்தை விட்டால் இரண்டு வருடத்துக்கு இருவர் ஜாதகத்துக்கும் தோதான நாள் இல்லை என்றார். மௌலியின் அம்மா அந்த இரண்டு வருடத்தை ஆசையோடு எண்ணிப் பார்ப்பது பிருந்தாவுக்குத் தெரியும்.

ஆனாலும், தன் கல்யாணத்தில் தன் கைவண்ணம் தெரியவேண்டாமா? ஒரு மாதத்துக்கு முன்பே அவள் மாமாக்களை உட்கார வைத்துச் சொன்னாள்.

"மாமா, சாப்பாட்டுப் பந்தியில ஒவ்வொரு இலை பக்கத்துலயும் ஒரு அட்டை வைக்கணும். அதுல அவா பேரும், அவாளைப் பத்தி ஒரு வரியும் இருக்கணும். நம்மைப் பத்தி இவாளுக்கு எல்லாம் தெரியும்னு வந்தவாளுக்குத் தோணணும்."

"எல்லாம் தெரியுமே," என்றார் பஞ்சு.

"அப்புறம், சடங்கெல்லாம் சும்மா பேருக்குப் பண்ணாதீங்கோ. எது பண்ணினாலும் நிஜமா, மனசார இருக்கட்டும்."

மூவரும் தலையாட்டினார்கள். மௌலியிடமும் அவள் தனியாக ஒன்று சொல்லி வைத்தாள்: "என் மாமாக்கள் எது சொன்னாலும் மறுபேச்சு பேசாம பண்ணிடுங்கோ. பாவம், மனசு நொந்துப்பா." மௌலி பசுவைப் போன்ற பையன், சரி என்றான். தன் கல்யாணத்துக்குத் தானே இரண்டு பக்கமும் வேட்டு வைத்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு மாலையே மூவரும் கூடி ஆலோசனை செய்தார்கள்.

"காசி யாத்திரையை எடுத்துக்கோ," என்று ஆரம்பித்தார் சாம்பு. "மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கிக்கக் காசிக்குப் போறேன்னு குடையும் விசிறியுமா கிளம்பறார். நாலு அடி வைக்கறதுக்குள்ள நாம போய், வேண்டாம், எங்காத்துப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கோங்கோன்னு கூட்டிண்டு வந்துடறோம். இது நிஜமா?"

"சுத்தப் பித்தலாட்டம்," என்றார் பஞ்சு.

"அப்ப டிக்கெட் எடுக்கணும்," என்றார் கிட்டா.

"போக மட்டும் எடு. சந்நியாசிக்கு ரிட்டர்ன் எதுக்கு? மேல் பெர்த்தாப் பாரு. கஷ்டப்படத்தானே போறார்?"

"தடுக்க வேண்டாமாண்ணா?"

சாம்பு நெடுநேரம் யோசித்தார். "காசிக்குப் போகாதவனைக் காசியிலேர்ந்து எப்படித் தடுக்கறது? கங்கையில கால் வைக்கப் போறார், அங்க தடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் அதே வண்டியில வேற பெட்டியில போங்கோ. அதுவரைக்கும் அவர் கண்ணுல படாதீங்கோ. உங்களைப் பார்த்தா அவருக்கு மனசு கலைஞ்சுடும்."

"முகூர்த்தம் ஒன்பதுலேர்ந்து பத்தரைக்குள்ளயாச்சே. காசிக்குப் போகவே ரெண்டு நாளுக்கு மேல ஆகுமே," என்று பஞ்சு கவலைப்பட்டார்.

"போறபோதுதான் நாளாகும். மனசு மாறினவன் வேகமா வருவான்," என்று சாம்பு முடித்துவைத்தார். இந்த விளக்கத்தில் தம்பிகளுக்குப் பரம திருப்தி.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குப் பஞ்சு சத்திரத்து வாசலில் பத்திரிகையும் கையுமாக நின்றார். 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று அதில் அச்சடித்திருந்தது. தனியாக வந்த தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவரைப் பக்கவாட்டிலும் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களை யாருமே சூழலையே? போய்ச் சூழ்ந்துண்டு வாங்கோ," என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் தெருமுனையில் நின்று முகம் தெரியாத நாலு பேரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு வந்தார்.

உள்ளே டிபன் பந்தி. இலைக்கு இலை அட்டை, கிட்டாவின் முத்து முத்தான கையெழுத்தில். 'விசாலாட்சி. இரண்டு மருமகள்களும் இவருடன் பேசுவதில்லை.' 'சேதுராமன். தலையில் இருப்பது இவருடையது அல்ல.' 'டாக்டர் பட்டாபி. டாக்டருக்கு இன்னும் படித்து முடிக்கவில்லை.' இட்லி ஆறிப்போக, பந்தியே எழுந்து நின்று கத்தியது. சம்பந்தியம்மாள் தன் அட்டையை யாரும் பார்ப்பதற்குள் இடுப்பில் செருகிக்கொண்டு மற்றவர்கள் அட்டையைப் படிக்கக் கிளம்பினாள். அதனால் ஏழரை மணிக்குக் காசி யாத்திரை கிளம்பியதை மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் சரியாகக் கவனிக்கவில்லை.

மாடியில் தலைப் பின்னலுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பிருந்தாவுக்கு நாயனம் தெருவில் போவது கேட்டது. திரும்பி வரும் என்று காத்திருந்தாள். எட்டேகால் மணிக்கு நாயனக்காரர் மட்டும் வந்தார், அவருக்குப் பின்னால் சாம்பு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போயிட்டார்மா," என்றார் தழுதழுத்து. "ஜன்னலோரமா உட்கார்ந்துண்டு, கையை ஆட்டிண்டே போயிட்டார். எனக்கே மனசு கேக்கலை."

"எங்க மாமா போயிட்டார்?"

"காசிக்கு. எட்டு அஞ்சு வண்டி. நீ சொன்னாப்பல நிஜமாவே போயிட்டார்."

பிருந்தா நாலு வருடம் காத்திருந்தது ரயிலேறிப் போய்விட்டது. அவள் அழவில்லை, அதற்கு நேரம் இல்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே ஓடி, சமையல்காரரின் காய்கறி வேனில் ஏறினாள். சாம்பு மாமாவையும் பிடித்து இழுத்துப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அடுத்த ஸ்டேஷன் கருவேலியில் எதிர்வண்டிக்காக ரயில் கால் மணி நேரம் நிற்கும்.

மௌலி ஆறாவது பெட்டியில் இருந்தான். கண்ணில் மை, நெற்றியில் சந்தனம், மடியில் குடை, விசிறி. எதிர் சீட்டுக்காரர்களுக்குப் புளியோதரை பங்கிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றேள் இங்க?"

"உங்க மாமா ஏறுங்கோன்னார். மறுபேச்சு பேசாதேன்னு நீதானே சொன்னே?" என்றான் மௌலி. "போட்டோ எடுக்கத்தான்னு நினைச்சேன். வண்டி கிளம்பினப்புறம் கொஞ்சம் சந்தேகமா இருந்தது."

அவனைப் பிளாட்பாரத்தில் இறக்கியாயிற்று. ஆனால் முறைப்படி அழைக்காமல் சத்திரத்துக்கு எப்படித் திரும்புவது? "மாமா, கூப்பிடுங்கோ," என்றாள் பிருந்தா.

"எனக்கு அதிகாரம் இல்லையேம்மா," என்று சாம்பு கைவிரித்தார். "பஞ்சுவும் கிட்டாவும் காசியில தடுக்கறதுன்னுதானே தீர்மானம்?"

அப்போதுதான் மற்ற இரண்டு பேரும் எங்கே என்ற கேள்வி அவளுக்குத் தோன்றியது. ரயில் நகர ஆரம்பித்திருந்தது. கடைசிப் பெட்டி அவளைத் தாண்டிப் போனபோது, உள்ளே இரண்டு பேர் மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிடாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கத்தியது அவர்கள் காதில் விழவில்லை.

பிருந்தா மௌலியைப் பார்த்துத் திரும்பினாள். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. "காசிக்கெல்லாம் போகாதீங்கோ. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்கோ," என்றாள். அன்றைக்கு நடந்த சடங்குகளில் அந்த ஒன்றுதான் அவள் கேட்டபடி மனசார நடந்தது.

பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. சேதுராமனின் தலையைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயாததால், மாப்பிள்ளை ஊரிலேயே இல்லாமல் இருந்தது சம்பந்தியம்மாளுக்குத் தெரியவே தெரியாது. பிருந்தாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாமாக்களும் பக்கத்தில் இல்லையே என்ற குறைதான். அவர்களைக் கூப்பிடவும் வழியில்லை. மூவருக்கும் சேர்த்து இருந்த ஒரே போன் சாம்பு மாமாவின் மடியில் இருந்தது.

நாலாம் நாள் காலை அந்தப் போன் அடித்தது. பஞ்சு மாமா, காசியில் யாருடைய போனையோ வாங்கிப் பேசினார்.

"அண்ணா, படித்துறையிலேயே நிக்கறோம். மாப்பிள்ளை இன்னும் வரலை. வந்ததும் தடுத்துடறோம், நீ முகூர்த்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வை."

பிருந்தா சிரிப்பை அடக்க முடியாமல் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு மௌலியிடம் நீட்டினாள்.

"மாமா, மௌலி பேசறேன். நான் காசிக்கு வரலை, வழியிலேயே இறங்கிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயிடுத்து."

அந்தப் பக்கத்தில் பஞ்சு மாமா தம்பியிடம் விசும்புவது கேட்டது.

"டேய் கிட்டா, மோசம் போயிட்டோம்டா! அந்தப் படுபாவி நடுவழியில இறங்கி எவளையோ கல்யாணம் பண்ணிண்டுட்டான். குழந்தை பிருந்தா மணையில காத்துண்டிருப்பாளே, அவகிட்ட யார்டா போய்ச் சொல்றது?"