இரண்டு புத்தகம், ஒரே அலசல்

மூளையைக் கொஞ்சம் கூர்தீட்டி வைத்துக்கொண்டு இந்த வழக்கைக் கேளுங்கள். இது விடிந்தது நடுவர் ரஹீமாவின் தலையில்.

கோவையில் செஸ் என்ஜின்களுக்கான போட்டி. ஆடுவது என்ஜின் எனப்படும் கணினி நிரல், அதை எழுதியவர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஓர் ஓபனிங் புக் உண்டு. பலகையில் காய்கள் இப்படி அமைந்தால் இதை ஆடு என்று, முன்கூட்டியே அலசிச் சேமித்து வைத்த தொகுப்பு அது. அடுத்தவர் அலசலைத் திருடிச் சேர்த்தால் ஆயுள் தடை.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் உமையாளும் இளம்பரிதியும். முன்பு ஒரே அறையில் ஒரே கணினியில் வேலை பார்த்து, பிறகு மனம் கசந்து பிரிந்தவர்கள். இருவர் புத்தகத்திலும் ஒரு நிலைக்கு ஒரே அலசல், அச்சு அசலாக இருந்தது. அது என்னுடையது, மற்றவர் திருடிவிட்டார் என்று இருவருமே முறையிட்டார்கள். தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். ரஹீமா அதைப் பார்க்காமல் இருப்பாரா? கணினி விட்டுக் கணினி மாற்றியதில் பழைய தேதி எதுவும் மிஞ்சவில்லை.

வெளியே கூட்டம் சலசலத்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் உழைத்தவர் திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போவார். திருடியவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்.

அந்த நிலை எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் சண்டை இல்லை. வேறு இரண்டு என்ஜின்கள் எப்போதோ ஆடிய ஆட்டம் அது. ரஹீமா அதை முழுதாக ஓட்டிப் பார்த்தார். கறுப்பு ராணி தேவையில்லாமல் ஊர் சுற்றியிருந்தாள். வெள்ளை ராஜா ஒரு செக்குக்குப் பயந்து பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுங்கி, ஆபத்து நீங்கியதும் சொந்தக் கட்டத்துக்கே திரும்பியிருந்தார். அதன்பின் ஒரு குதிரை வெட்டுப்பட்டது. அப்போது வந்த நிலையைத்தான் அலசியிருந்தார்கள். ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவதைக் கோட்டை கட்டுவது என்பார்கள் அல்லவா? வெள்ளை உடனே கோட்டை கட்டினால் வெற்றி என்றது அந்த அலசல்.

எப்படி அலசினீர்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். இளம்பரிதி தடுமாறவே இல்லை.

"அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தல்ல இருந்து ஒண்ணு விடாம என்ஜினுக்குக் கொடுத்தேன் மேடம். அந்த நிலை வந்ததும் அலச விட்டேன். அது சொன்னதை மாத்தாம அப்படியே சேமிச்சேன்."

உமையாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"முழு ஆட்டத்தையும் நான் பார்க்கவே இல்லீங்க மேடம். பத்திரிகையில அந்தப் பலகையோட படம் மட்டும் வந்திருந்துச்சு. அதைப் பார்த்துக் காயை அடுக்கி, அலச விட்டுட்டேன். சோம்பேறித்தனந்தான்."

உடனிருந்த அமைப்பாளர், இந்த அம்மாவின் முழியே சரியில்லை, இவரை அனுப்பிவிடலாம் என்று காதைக் கடித்தார். ரஹீமா அந்தப் பழைய ஆட்டத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சந்தேகமே இல்லாமல் ஒருவருக்குத் தடை விதித்தார்.

சொல்லுங்கள், திருடியது யார்? ரஹீமா அதை எதை வைத்துக் கண்டுபிடித்தார்?

விடை: திருடியவர் இளம்பரிதி. ஒருமுறை நகர்ந்த ராஜா, தன் கட்டத்துக்கே திரும்பி வந்தாலும் கோட்டை கட்ட விதி இடம் தராது. இளம்பரிதி சொன்னபடி எல்லா நகர்த்தலையும் கொடுத்திருந்தால், ராஜா நகர்ந்தது என்ஜினுக்குத் தெரிந்திருக்கும். கோட்டை கட்டு என்று அது சொல்லியிருக்கவே முடியாது. ராஜா முன்பே நகர்ந்தது படத்தில் தெரியாது என்பதால், படத்தைப் பார்த்துக் காயை அடுக்கியவருக்குத்தான் அந்தத் தப்பு வரும். உமையாள் செய்த தப்பை இளம்பரிதி தப்பென்றே தெரியாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். தன் புத்தகத்திலேயே சிறந்தது என்று நம்பியிருந்த அலசல் அந்த ஆட்டத்துக்கு உதவாது என்று கேட்டபோது உமையாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ரஹீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகை, பிழைத்துக்கொண்டோம் என்ற நிம்மதியில் வந்தது.