கூப்பிட்டவருக்குத்தான் பதில்

உலகப் படத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு லோட்டோனுகு. பசிபிக் கடலின் நடுவே ஒரு பவளப்பாறை வளையம், அதன்மேல் கொஞ்சம் மணல், கொஞ்சம் தென்னை. அந்தத் தீவின் பாஷை பேசுகிற அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம்.

அங்கே மாத்தியு திரும்பி வந்தார். மீசை அரும்பும் வயதில் சரக்குக் கப்பல் ஏறிப் போனவர், தலை நரைத்து இறங்கினார். தாய்மொழியில் அவரிடம் மிஞ்சியிருந்தது சிறுபிள்ளைப் பேச்சுதான். ஊர்த்தலைவரைப் பார்த்தே, "ஏய், பசிக்குது, மீன் குடு" என்றார். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அம்மாவின் கல்லறைக்கு முன்னால் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது படகுகள் பவளப்பாறை வளையத்தின் இடுக்குக்கு வெளியே வந்து நிற்கும். கரையிலிருந்து வீட்டார் ராகம் போட்டுக் கூப்பிடுவார்கள். படகிலிருந்து பதில் வரும். அதன் பிறகே படகு உள்ளே நுழையும். கூப்பிடாத கரையில் யாரும் இறங்குவதில்லை.

மகன் போன நாளிலிருந்து மாத்தியுவின் அம்மா அந்திதோறும் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். நடை நின்றுபோன பிறகும் பாயோடு தூக்கிவரச் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் அவருக்கு மறந்துவிட்டது. அந்தி நேரத்தில் கடற்கரைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை. அம்மா நின்ற மணலில் நிற்க அவரால் முடியவில்லை.

பேச்சு கொஞ்சம் திருந்திய பிறகு டெஃபானாவிடம் போனார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான். வேறு தீவுகளிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்குக் கூப்பிடக் கற்றுத் தருபவள்.

"குருவே, எனக்கு அந்தப் பதிலைச் சொல்லித் தாருங்கள். கல்லறையில் ஒரு தடவை சொல்ல வேண்டும்."

"கூப்பிடக் கற்றுத் தருகிறேன்."

"நான் கடலுக்குப் போனவன். எனக்கு எதற்குக் கரையில் நிற்பவர்களின் பாட்டு?"

"பதிலை யாரும் சும்மா சொல்லிக் காட்ட மாட்டோம். அது கூப்பிட்டவருக்குத்தான்."

வேறு வழியில்லை. புதுப் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து ராகம் இழுத்தார். "தாத்தா, உங்களுக்கு எந்த வீட்டு மாப்பிள்ளை?" என்று அவர்கள் கேலி செய்தார்கள். அவருக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. ஆனாலும் மறுநாள் போனார்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு மாலை டெஃபானா அவரைக் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப்போனாள். கடல் குமுறிக்கொண்டிருந்தது. மற்றப் படகுகள் எல்லாம் அதற்குள் உள்ளே வந்துவிட்டிருந்தன. துயிலோ என்ற மீனவனின் படகு மட்டும் வெளியே ஆடியது. அவன் மனைவி பேறுகாலத்துக்காகப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக டெஃபானாதான் தினமும் அவனைக் கூப்பிடுவாள்.

இன்று அவள் வாய் திறக்கவில்லை.

"தண்ணீர் வடிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் படகு பாறையில் மோதும். கூப்பிடுங்கள்!" என்றார் மாத்தியு.

"தொண்டை கட்டிக்கொண்டது."

"இப்போது நன்றாகத்தானே பேசினீர்கள்!"

அவள் கடலை நோக்கிக் கைகாட்டினாள்.

மாத்தியு திட்டிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டார். முதல் தடவை குரல் பிசிறியது. இரண்டாம் தடவை அலை விழுங்கியது. படகு அப்படியே நின்றது. அவன் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது அவர் மனதில் இருந்தது. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தார்.

அலை இரைச்சலுக்குள் துயிலோவின் குரல் வந்தது.

"நான்தான். அடுப்பை மூட்டு."

படகு இடுக்கில் நுழைந்தது. துயிலோ குதித்து இறங்கி, இரண்டு மீனை மாத்தியுவின் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மீனைப் பிடித்தபடியே அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இவ்வளவுதானா?" என்றார். "இதைக் கேட்கத்தான் அம்மா தினமும் வந்து நின்றாளா?"

"இதற்குத்தான்."

"இப்போது நான் போய்ச் சொன்னால் அவளுக்குக் கேட்குமா, குருவே?"

டெஃபானா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தா அம்மா கூப்பிட்டார்?"